பிள்ளையின் நாட்களையும் எழுதி வைப்போம்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் சட்டத் தன்னார்வலராகப் பணிபுரியும் உறுப்பினர் ஆற்றிய உரை)

 

சேமிப்பு, கடன், வட்டி பற்றிக் காலையிலிருந்து நிறையப் பேசியாச்சு. நான் வேற ஒரு கணக்கைப் பத்திப் பேச வந்திருக்கேன். புருஷன் பொண்டாட்டி பிரிஞ்ச பிறகு, பிள்ளைகளை இரண்டு பேரும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்கிற கணக்கு.

நம்ம பக்கத்தில் ஒரு குடும்பம் பிரியும்போது பெரியவங்க உட்கார்ந்து பேசுவாங்க. நகை எத்தனை பவுன், சீர் சாமான் என்னென்ன என்று பித்தளை அண்டா வரைக்கும் பட்டியல் போடுவாங்க. பிள்ளை விஷயம் மட்டும் கடைசியில் ஒரே வரி: "குழந்தை அம்மாகிட்ட இருக்கட்டும், அப்பா வந்து பார்த்துக்கட்டும்." எப்போ வருவார், எங்கே பார்ப்பார், காய்ச்சல் வந்தா செலவு யாருது? ஒண்ணும் எழுதியிருக்காது. அடுத்த மாசமே சண்டை அந்த ஒரு வரியில்தான் ஆரம்பிக்கும். சொல்லாமல் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பார். லீவுக்குப் போன பிள்ளை திரும்பி வராது.

நம்ம குழுவில் சின்னக் கடன் கொடுத்தாலும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குறோம். நம்பிக்கை இல்லாமலா? இல்லை, பின்னாடி பேச்சு மாறக் கூடாது என்றுதான். பிள்ளைக்கும் அதே முறைதான் வேணும்.

என்னென்ன எழுத வேண்டும்? பள்ளி நாட்களில் பிள்ளை எந்த வீட்டில், சனி ஞாயிறு எந்த வீட்டில். காலாண்டு, அரையாண்டு விடுமுறை, மே மாச லீவு எப்படிப் பிரியுது. தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ், ஊர்த் திருவிழா இந்த வருஷம் யாரோட, அடுத்த வருஷம் யாரோட. யார் கூட்டிட்டு வரணும், எத்தனை மணிக்குத் திரும்ப விடணும். ஃபீஸ், வேன் வாடகை, மருந்துச் செலவில் யார் பங்கு எவ்வளவு, மாசம் எந்தத் தேதிக்குள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை யாரிடம் இருக்கும். பள்ளி மாற்றுவதும் ஆபரேஷன் செய்வதும் இரண்டு பேரும் பேசித்தான். பால்குடி மறக்காத பிள்ளை என்றால், அப்பா அடிக்கடி வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகட்டும். வளர வளர நாட்களைக் கூட்டிக்கலாம். அதனால வருஷத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து மாத்தி எழுதணும்.

சட்டம் என்ன சொல்லுது? 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் எல்லா மதத்தவருக்கும் உள்ளது. அதில் பிள்ளையின் நலன்தான் முக்கியம். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம். இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி, 5 வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும். ஆனால் பத்திரத் தாளில் எழுதி ஊர்ப் பெரியவங்க கையெழுத்துப் போட்டா மட்டும் போதாது. குடும்ப நீதிமன்றத்திலோ மக்கள் நீதிமன்றத்திலோ பதிவானால்தான் மீறும்போது கேட்க முடியும். வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100க்கு போன் செய்யலாம்.

இன்னொண்ணு. "பணம் தரலை, பிள்ளையைக் காட்ட மாட்டேன்" என்று சில தங்கைகள் சொல்றாங்க. "பிள்ளையைக் காட்டலை, பணம் தர மாட்டேன்" என்று அவங்க சொல்றாங்க. இரண்டும் வேற வேற. ஜீவனாம்சத்துக்குத் தனியாக மனு போடுங்க. அப்பாவைப் பார்ப்பது பிள்ளையோட உரிமை, அதைப் பணத்துக்கு அடமானம் வைக்க வேண்டாம். "உங்கப்பன்கிட்ட பணம் கேளு" என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். அங்கே போய் அதைச் சொல்லி, அங்கே கிடைக்கிற பதிலை இங்கே கொண்டு வந்து, நடுவில் அந்தப் பிள்ளைதான் திட்டு வாங்குது.

ஆனா ஒண்ணு தெளிவா சொல்றேன். அடி, உதை, குடிச்சிட்டு வந்து மிரட்டுவது, பிள்ளையைத் தப்பாகத் தொடுவது இருக்கும் இடத்தில் "பங்கிட்டுக்கோ" என்று யாரும் சமரசம் பேசக் கூடாது. அங்கே முதலில் பாதுகாப்பு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில், பிள்ளையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்கவும், ஆபத்து என்றால் சந்திப்பை மறுக்கவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

நாம என்ன செய்யலாம்? குழுவில் ஒருத்திக்கு இப்படி நேர்ந்தால், "யார் மேல தப்பு?" என்று விசாரிக்காதீங்க. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கிட்டு அவள் பக்கத்தில் உட்காருங்க. பிள்ளையோட ஒரு வாரத்தை, திங்கள் காலையிலிருந்து ஞாயிறு ராத்திரி வரை, அவளோடு சேர்ந்து எழுதுங்க. அந்த நோட்டோடு சட்ட உதவி மையத்துக்குத் துணைக்குப் போங்க. அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாக வைத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.