தொட்டில் போதாது, தாய்க்குத் துணை வேண்டும்

(தருமபுரிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கியது. 2001இல் நம் தருமபுரிக்கும் வந்தது. பெண் சிசுவைக் கொல்லாதே, தொட்டிலில் விட்டுவிடு, அரசு வளர்க்கும் என்றார்கள். குழந்தைகள் உயிர் பிழைத்தார்கள். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால், "உன் பிள்ளையை நீயே வளர்க்க என்னம்மா வேண்டும்?" என்று அந்தத் தாயிடம் யார் கேட்டார்கள்?

அந்தக் கேள்விக்கு 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்கிறது அந்தச் சட்டம். தாய் கணவனை இழந்தவரா, மணமுறிவு பெற்றவரா, குடும்பத்தால் கைவிடப்பட்டவரா, அவருடைய குழந்தைக்கு நிதி ஆதரவு கொடுக்கலாம் என்கிறது 45ஆம் பிரிவு. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அது மாதம் 4,000 ரூபாய்.

'குடும்பத்தால் கைவிடப்பட்டவர்' என்றால் யார்? நம் மாவட்டத்தில் அதை விளக்க வேண்டியதில்லை. ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி, 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் குடியிருப்புகளைக் கொளுத்திய மண் இது. சாதி மறுத்து மணந்த பெண்ணுக்குக் கணவன் இல்லாமல் போனால், பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகத் தாய்வீடும் இல்லை, மாமியார் வீடும் இல்லை. கடைசியில் பிள்ளை இல்லத்துக்குப் போகிறது. வறுமை பிரித்தது என்று கோப்பில் எழுதுவார்கள். பிரித்தது சாதி, தோழர்களே!

உதவி கேட்டுப் போனால் வருமான வரம்பு குறுக்கே நிற்கிறது. கிராமத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாய். நாளுக்கு 200 ரூபாய்கூட வரவில்லை. அன்றாடம் கூலிக்குப் போகிற தாய் அந்த வரம்பைத் தாண்டிவிட்டால் அவள் வசதியானவளா?

நம் கோரிக்கைகள் மூன்று. வருமான வரம்பை இன்றைய கூலிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். வறுமையைக் காரணம் காட்டி ஒரு குழந்தையை இல்லத்துக்கு அனுப்பும் முன், தாய்க்கு ஏன் நிதி ஆதரவு தரவில்லை என்று குழந்தைகள் நலக் குழு எழுத்தில் பதிய வேண்டும். சாதி மறுத்து மணந்தவர் விண்ணப்பித்தால், அவரை ஒதுக்கிவைத்த ஊர்ப் பெரியவர்களிடமே போய் விசாரிக்கக் கூடாது.

இந்தச் செய்தியை ஊர் ஊராகக் கொண்டுபோங்கள். தனியாய்ப் பிள்ளை வளர்க்கும் பெண் உங்கள் தெருவில் இருந்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அவருடன் நீங்களும் போங்கள். சொந்தம் கைவிட்ட இடத்தில் இயக்கம் நிற்க வேண்டும்.