அகதிகளின் உயர்ஸ்தானிகர் போல் ஹார்ட்லிங்



டென்மார்க்கில் வளரும் எம் பிள்ளைகளில் பலர் கேள்விப்பட்டிராத பெயர் போல் ஹார்ட்லிங். 1914 இல் பிறந்து, இறையியல் கற்று, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அதிபராகப் பணியாற்றியவர். 1973 இல் பிரதமரானார். 179 ஆசனங்கள் கொண்ட பாராளுமன்றத்தில் அவரது கட்சிக்கு இருந்தவை 22 மட்டுமே! அவ்வரசு நெடுநாள் நிலைக்கவில்லை.

அவரது பெரும்பணி அதன் பின்னரே தொடங்கியது. 1978 முதல் 1985 வரை ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராக விளங்கினார். வியட்நாமிலிருந்து படகுகளில் தப்பியோர் கடற்கொள்ளையரிடம் சிக்கினர். அயல்நாடுகளோ அவர்களைக் கரையிறங்க விடாது திருப்பி அனுப்பின. 1979 இல் அவரது அலுவலகம் வியட்நாமுடன் ஓர் உடன்பாடு கண்டது. வெளிநாட்டிலுள்ள உறவினருடன் இணைய விரும்புவோர் கடலில் உயிரைப் பணயம் வைக்காது, முறைப்படி விமானத்தில் வெளியேறலாம் என்பதே அது. காலப்போக்கில் ஆறு இலட்சத்துக்கும் அதிகமானோர் அவ்வழியே சென்றனர். 1981 இல் அந்த அலுவலகத்துக்கு வழங்கப்பட்ட நோபல் சமாதானப் பரிசை ஒஸ்லோவில் ஹார்ட்லிங் பெற்றுக்கொண்டார்.

பிரிந்த குடும்பம் மீண்டும் இணைவதன் அருமையை இங்குள்ள தமிழ்ப் பெற்றோருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1987 இல், ஹார்ட்லிங்கின் சொந்த நாட்டிலேயே, தமிழ் அகதிகளின் மனைவி மக்களை அழைக்கும் விண்ணப்பங்களை நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் சட்டத்துக்கு மாறாக முடக்கிவைத்தார். அவ்விவகாரத்தால் 1993 இல் அரசே பதவி விலகியது. 1995 இல் அமைச்சர் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

ஹார்ட்லிங் 2000 ஏப்ரல் 30 அன்று, தமது 85 ஆவது வயதில் காலமானார்.