எழுத்து தெளிந்தால் வாசிப்பு தெளியும்



2020 ஜூலையில் சென்னை சென்ட்ரல் மெட்ரோ, ‘புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் சென்ட்ரல் மெட்ரோ’ எனப் பெயர் மாறியது. பெயர் நீண்டால், அதே பலகையில் எழுத்து சிறுக்கும். ‘ண’வின் சுழிகள் அடைபடும்; மெய்யின் புள்ளி மறையும்; துணைக்கால் ‘ர’வாகத் தோன்றும். ஆகவே, சுழிகள் விரிந்து, இடைவெளி சீரான எழுத்துருவே பலகைக்கு ஏற்றது.

பழகிய வடிவமும் முக்கியம். நம் குற்றாலத்தின் ‘றா’, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ஒட்டிய ஒரே எழுத்து. பழைய பலகையில் அதைக் காணும் மாணவர் இன்று திகைப்பார்.

நம் கரும்பலகையும் ஒரு பெயர்ப்பலகைதான். இன்று எழுதியதைக் கடைசி வரிசையில் அமர்ந்து நீங்களே படித்துப் பாருங்கள். ஒரு குழந்தையை ‘மெல்லக் கற்பவர்’ என முடிவுசெய்யுமுன், நம் எழுத்தைச் சரிபார்ப்போம்.