கடன் வாங்கிப் பெறும் பட்டம்

வியாபார நிர்வாகத்தில் மேற்பட்டம் பெறுவதற்காக இருபது லட்ச ரூபாய் கடன்படலாமா என்னும் வினா, தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் இன்று அடிக்கடி எழுகின்றது. கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் 1961-இல் தோன்றியபோது இக்கல்வி மிகச் சிலருக்கே உரியதாயிருந்தது. இன்றோ நகரந்தோறும் கிடைக்கின்றது. ஆமதாபாத் கழகத்தின் ஈராண்டுக் கட்டணம் 25 லட்ச ரூபாயைக் கடந்துவிட்டது.

கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்ப்போம். அரையாண்டுக்கு ஐந்து லட்சமாக நான்கு முறையில் 20 லட்சத்தை, நூற்றுக்குப் பத்து வட்டியில் பெறுவதாகக் கொள்வோம். படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டுவதில்லை. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். மூன்றாம் ஆண்டின் முடிவில் தனிவட்டி 4.5 லட்சம் சேர்ந்து, கடன் 24.5 லட்சமாக நிற்கும். அதைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 32,400 ரூபாய் வேண்டும். கட்டி முடிக்கும்போது மொத்தம் ஏறக்குறைய 39 லட்சம். மாதம் 50,000 ரூபாய் தந்த வேலையை விட்டுச் சென்றவருக்கு, இழந்த ஊதியம் 12 லட்சம் வேறு. வட்டிக்கு வரிச்சலுகை உண்டே எனலாம். அது பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்போர்க்கே உரியது.

இனி வரவைப் பார்ப்போம். கல்லூரிகள் சராசரி ஊதியத்தைப் பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. பத்துப் பேரில் ஒருவர் 60 லட்சமும் ஏனை ஒன்பதின்மர் பத்துப் பத்து லட்சமும் பெற்றாலும் சராசரி 15 லட்சமே! ஆதலால் வரிசையின் நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு கிடைத்தது என்றே கேட்க வேண்டும். அத்தொகையிலும், சேரும்போது ஒரே முறை தரும் ஊக்கத்தொகை கலந்திருக்கக்கூடும்.

நமது தொழில் மொழிபெயர்ப்பு. அதனால் நண்பர்களுடைய வீட்டுப் பத்திரங்களும் அலுவல் நேரத்துக்குப் பின் நம் மேசைக்கு வருவதுண்டு. பிற மாநில வங்கிக் கிளையினருக்குத் தமிழ்ப் பத்திரம் விளங்குவதில்லை. கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று யாவற்றையும் ஆங்கிலத்தில் கேட்கின்றனர். சென்ற ஆண்டு, கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலுள்ள ஓட்டு வீட்டின் பத்திரம் இவ்வாறு வந்தது. கொணர்ந்தவர் தில்லியில் ஓய்வுபெற்ற அன்பர். குருகிராமத்தில் பணிபுரியும் அவருடைய மகளுக்கு நடுத்தரக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. வீடோ அவருடைய தாயார் பெயரில் இருந்தது. 84 வயதான அம்மூதாட்டி அதில்தான் வாழ்கிறார். செய்தி கேட்டதும், "எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?" என்று மட்டுமே கேட்டாராம். வாய்க்காலையும் தென்னந்தோப்பையும் நான்கெல்லையாக ஆங்கிலத்தில் எழுதும்போது அக்கேள்வி நம்மை உறுத்திற்று.

பொதுவாக ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு வங்கிகள் ஈடு கேட்கின்றன. ஆனால் பெயர்பெற்ற கழகங்களின் மாணவர்க்குப் பெருந்தொகையையும் ஈடின்றியே தருகின்றன. ஆகவே, வீட்டுப் பத்திரத்தைக் கேட்கும்போதே அக்கல்லூரியைப் பற்றிய தன் அபிப்பிராயத்தை வங்கி ஒருவாறு சொல்லிவிடுகிறது. இதை அந்த அன்பரிடம் கூறினோம். நடுவில் நிற்கும் மாணவரின் ஊதியத்தில், வரி போகக் கைக்கு வருவதில் மூன்றிலொரு பங்கைத் தவணை விழுங்குமானால் வீட்டை ஈடுவைக்கலாகாது என்பதே நம் கருத்து.

வேறு வழியும் இல்லாமலில்லை. 1954-இல் தோன்றிய தில்லிப் பல்கலைக்கழக மேலாண்மைத் துறையில் கட்டணம் மேற்சொன்ன தொகையில் மிகச் சிறிய பங்கே. இடம் கிடைப்பதுதான் அரிது. பதவி உயர்வுக்குப் பட்டம் ஒன்றே போதுமெனில், வேலையை விடாமலே இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பயிலலாம்.

தந்தையும் மகளும் ஒரு மாதம் யோசித்தனர். முடிவில் மகள் அந்த இடத்தை ஏற்கவில்லை. வேலையிலிருந்தவாறே கேட் தேர்வை மீண்டும் எழுத ஆயத்தமாகி வருகிறாள். பத்திரம் பாட்டியின் பெட்டிக்குத் திரும்பிவிட்டது. நம் மொழிபெயர்ப்பு மட்டும் அந்த அன்பரின் மேசையறையில் கிடக்கின்றது.