வக்கீலுக்குக் காசு இல்லையா?

காஞ்சிபுரம் பக்கத்து ஐயம்பேட்டையில் தறிக்குழியில் கால் வைத்து ஓர் அம்மா பட்டு நெய்கிறார். போன புடவைக்குக் கூலி பாக்கி. கேட்டால் இழுத்தடிக்கிறார்கள். "கோர்ட்டுக்குப் போனா வக்கீலுக்கு எங்கே போவேன்?" என்று விட்டுவிடுகிறார். எத்தனை வீடுகளில் இப்படி!

விட வேண்டாம், அம்மா. வக்கீலை இலவசமாகத் தருவார்கள். 1987-இல் வந்த சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பெண் என்றால் போதும், வருமானம் எவ்வளவு என்ற கணக்கே இல்லை. குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு.

காஞ்சிபுரம் நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் அலுவலகம் எங்கே என்று கேளுங்கள். எழுதத் தெரியாதா? வாயால் சொல்லுங்கள், அவர்களே எழுதிக்கொள்வார்கள். போக முடியாவிட்டால் போன் செய்யுங்கள்: 15100. மறுபடி சொல்கிறேன், 15100. வக்கீலுக்குக் காசு வேண்டாம்.

போகும்போது கணக்கு நோட்டை எடுத்துப் போங்கள். பாவு என்றைக்கு வந்தது, புடவை என்றைக்குப் போனது, கைக்கு எவ்வளவு வந்தது. எண்ணெய்க் கறை படிந்த நோட்டாக இருந்தாலும் பரவாயில்லை, வக்கீல் அதைத்தான் கேட்பார். எழுதி வைக்கவில்லையா? இன்றைக்குத் தறியில் இருக்கும் புடவையிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.