அலமாரியில் யாருக்கு இடம்?

(வடாற்காட்டுச் சேரி ஒன்றில் இளைஞர்கள் நடத்திவரும் நூலகத்தில் புதிய நூல்களும் படங்களும் சேர்க்கப்பட்டதை ஒட்டி நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நூலகத் தோழர்கள் என்னிடம் பதிவேட்டைக் கொடுத்து, புதுசா வந்திருக்கிற புத்தகங்களையும் படங்களையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். பட்டியலை வாசித்துவிட்டுக் கைதட்டு வாங்கிக்கொண்டு போவது சுலபம். ஆனா இந்தப் பட்டியலில் ரெண்டு புத்தகத்துக்கும் ஒரு படத்துக்கும் நேரே பென்சிலால் கேள்விக்குறி போட்டிருக்கிறது. என்னப்பா இதுன்னு கேட்டேன். "அதை வைக்கலாமா வேணாமான்னு கமிட்டியில இன்னும் முடிவாகல தோழர்" என்றார்கள். ஆகவே நான் இன்றைக்கு அந்தக் கேள்விக்குறியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். ஒரு நூலகத்தில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது ஏதோ இடவசதி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. யாருடைய அறிவு அறிவு, யாருடைய வாழ்க்கை வரலாறு என்கிற தீர்ப்பு அதில் இருக்கிறது. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அன்றையிலிருந்து வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் நாம கட்டிக்கிட்டுத்தான் வர்றோம். ஆனா இங்கே கிளை நூலகம் எங்க இருக்கு? ஊர்த்தெருவில் இருக்கு. நம்ம புள்ள அங்க போயி நிம்மதியா ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து படிக்க முடியாதுன்னுதான் இந்தக் கொட்டகையைப் போட்டீங்க. அப்படி வெளியே நிறுத்தப்பட்டவங்க கட்டின நூலகம் இது. இதுக்குள்ளேயும் சிலதை வெளியே நிறுத்தலாமா என்பதுதான் இப்போ கேள்வி.

படிப்பும் அச்சும் நமக்கு யாரோ கொடுத்த பிச்சை கிடையாது. 1893-லேயே ரெட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பேர் வைத்தார். எந்தச் சொல்லால் அடித்தார்களோ அந்தச் சொல்லையே தலைப்பில் அச்சடித்தார். 1907-இல் பண்டிதர் அயோத்திதாசர் சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். விலையே பேர். காலணா வைத்திருப்பவனும் வாங்க வேண்டும் என்கிற அரசியல் அந்தப் பேரில் இருக்கிறது. 1914-இல் பண்டிதர் மறைந்தார். பிறகு 1926-இல் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் 'தமிழ'னை மறுபடி கொண்டுவந்தார். அங்கே இருந்த சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சுப் போட்டது. தங்கவயல் சுரங்கத்துக்குள்ள இறங்கினவங்க யாரு? இந்த வடாற்காட்டுச் சேரிகளிலிருந்து ரயிலேறிப் போன நம்ம பாட்டன்மார்கள் அதில் ஏராளம். தோண்டின தங்கம் கம்பெனிக்காரனுக்குப் போச்சு. கூலியில் மிச்சம் பிடித்த காசு புத்தகமாச்சு.

இப்போ நம்ம அலமாரிக்கு 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வந்திருக்கிறது. ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-இல் வெளியிட்டது. பண்டிதர் இறந்து 85 வருஷம் கழித்து! நடுவில் இந்த எழுத்து எங்கே இருந்தது? அன்பு பொன்னோவியம் போன்ற நம்மவர்கள் பழைய இதழ்களைக் கட்டிக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். கரையான் தின்னாம, பழைய பேப்பர்காரனுக்குப் போடாம ஒருத்தர் பத்திரப்படுத்தினதால்தான் இன்றைக்கு அது வரலாறு. இதை ஏன் சொல்றேன்னா, சேர்த்து வைக்கிறதும் ஒரு போராட்டம்.

புரட்சியாளர் அம்பேத்கருக்கு வருவோம். 1917-இல் லண்டனிலிருந்து அவர் திரும்பும்போது, அவருடைய பெட்டிகள் தனிக் கப்பலில் வந்தன. முதல் உலகப் போர் நேரம். அந்தக் கப்பல் டார்பிடோ அடிபட்டு முழுகியது. சாப்பாட்டைக் குறைத்து வாங்கின புத்தகங்கள் கடலோட போச்சு. அவர் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1930-களில் பம்பாய் தாதரில் ராஜகிருகம் கட்டும்போது, புத்தகத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காகவே வீடு கட்டினார். நாம என்ன பண்றோம்? அவர் படத்துக்கு மாலை போட்டு, அவர் தொகுதிகளைக் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் செயலாளர் இடுப்பில் சொருகிக்கொள்கிறோம். கர்ப்பக்கிரகத்தை எதிர்த்துப் போராடினவருக்கு நாம ஒரு கர்ப்பக்கிரகம் கட்டிட்டோம்!

இன்னொன்று. அவருடைய எல்லா நூலையும் 'தலைவர்கள்' என்று எழுதின தட்டில் அடுக்கியிருக்கிறீர்கள். 1923-இல் வந்த 'ரூபாயின் பிரச்சினை' பொருளாதாரத் தட்டில் இருக்க வேண்டாமா? 1947-இல் அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அரசியல் சட்டத் தட்டில் இருக்க வேண்டாமா? காலேஜில் பொருளாதாரம் படிக்கிற நம்ம பையன், இந்தப் பாடத்தில் நம்மாளு ஒருத்தர் மூலநூல் எழுதியிருக்கிறார் என்று தட்டிலிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். 'கருக்கு'வும் அப்படித்தான். 'தலித் இலக்கியம்' என்று மூலையில் ஒரு தட்டு, 'இலக்கியம்' என்று நடுவில் ஒரு தட்டு. இது ஊர் சேரி பிரிச்ச மாதிரியே இல்லையா? பாமாவை நடுத்தட்டில் வையுங்கள். பக்கத்தில் இருக்கிற பெரிய எழுத்தாளருக்குத் தீட்டு ஒட்டினா ஒட்டட்டும்.

இப்போ அந்தக் கேள்விக்குறிக்கு வருகிறேன். ஒன்று, சிவகாமியின் 'பழையன கழிதலும்', 1989. ஒரு தலித் தலைவர், வீட்டுக்குள் பெண்டாட்டிகளையும் மகளையும் எப்படி நடத்துகிறார் என்று அந்த மகளின் பக்கத்திலிருந்து கேட்கிற நாவல். இரண்டு, இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', 1994. பறையர் காலனிக்குத் துணி வெளுத்து, வீடு வீடாகச் சோறெடுத்துப் பிழைக்கிற ஆரோக்கியம் என்கிற வண்ணாத்தியின் கதை. மூன்றாவது 'மாடத்தி' படம், 2019. லீனா மணிமேகலை எடுத்தது. கண்ணில் பட்டாலே தீட்டு என்று சொல்லி ஒதுக்கப்பட்ட புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண்ணின் கதை.

கமிட்டியில் ஒரு பெரியவர் கேட்டாராம்: "நம்மளத் திட்டறதுக்கு ஊர்க்காரன் இருக்கான். அதுக்கு நம்ம காசுல புக்கு வேற வாங்கணுமா?" நியாயமான கோபம்தான். அதைக் கேலி பண்ண மாட்டேன். நூறு வருஷமா நம்மளைக் குடிகாரனாவும் திருடனாவும் எழுதினவங்க எழுத்தைப் படிச்சுப் படிச்சு வந்த சந்தேகம் அது. 'கோவேறு கழுதைகள்' வந்த காலத்திலேயே இது தலித் நாவலா, தலித்துகளுக்கு எதிரான நாவலா என்று பெரிய விவாதம் நடந்தது. 'கருக்கு' 1992-இல் வந்தபோது சொந்த ஊர்க்காரர்களே கோபப்பட்டார்கள் என்று பாமா சொல்லியிருக்கிறார். இன்றைக்கு 'கருக்கு' யாருடைய புத்தகம்? நம்மளுடையது.

சாதி என்பது ஒரே ஒரு கோடு போட்டு, மேலே அவன் கீழே நாம் என்று பிரிக்கிற சமாச்சாரமாக இருந்திருந்தால் என்றைக்கோ உடைத்திருப்போம். ஒவ்வொருத்தனுக்கும் கீழே ஒருத்தனை வைத்த படிக்கட்டு அது என்று அம்பேத்கர் காட்டினார். மேலே இருக்கிறவன் மிதிக்கிறான் என்ற வலி நமக்கு இருக்கிறது. நம்ம காலுக்குக் கீழே யார் இருக்கிறா என்று குனிந்து பார்க்கிற துணிச்சல் இருக்கிறதா? பறையர், பள்ளர், அருந்ததியர், புதிரை வண்ணார் என்று நமக்குள்ளேயே படி இருக்கும்வரை விடுதலை என்கிற சொல் மேடைப் பேச்சுத்தான். நம்மளைப் புகழ்கிற புத்தகம் மட்டும் வைத்தால் அது நூலகம் இல்லை, முகம் பார்க்கிற கண்ணாடி.

1936-இல் லாகூரில் நடந்த கதை உங்களுக்குத் தெரியும். ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்கிற சங்கம் அம்பேத்கரைத் தலைமையுரைக்குக் கூப்பிட்டது. உரையை முன்கூட்டிப் படித்துப் பார்த்தார்கள். சில பகுதி உறுத்தியது, எடுக்கச் சொன்னார்கள். ஒரு கமாவைக்கூட மாற்ற அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மாநாடே நடக்கவில்லை. சொந்தக் காசில் 1500 பிரதி அச்சடித்தார். 'குடி அரசு' அதைத் தமிழில் கொண்டுவந்தது. கவனியுங்கள், அவரைத் தடுத்தவர்கள் சனாதனிகள் இல்லை. சாதியை ஒழிக்கணும்னு சங்கம் வைத்தவர்கள்! தங்கள் மேலேயே கேள்வி திரும்பினதும் பயந்துட்டாங்க. நம்ம பென்சில் கேள்விக்குறியும் அதே பயம்தானே தோழர்களே?

படங்களைப் பற்றியும் சொல்லணும். புத்தகம் படிக்க எழுத்து வேணும். கல் உடைத்துவிட்டு வருகிற அம்மாவுக்குப் படம் போதும். அதனாலதான் படத்தின்மேல் அதிகாரத்துக்கு அவ்வளவு கண். ஜப்பார் படேல் எடுத்த 'டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்' படம் 2000-இல் வந்தது. அரசாங்கப் பணத்தில் எடுத்த படம். தமிழ் பேசி நம்ம தியேட்டருக்கு வர 2010 டிசம்பர் ஆயிற்று. அதற்கும் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' 2017-இல் வந்தபோது பல இடத்தில் போலீஸ் திரையிட விடவில்லை. யூடியூபில் போட்டுத்தான் மக்களிடம் கொண்டுபோனார்கள். அந்தப் படத்தைப் போடுகிற அன்றைக்கு, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்கிற 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரதியும் மேசைமேல் இருக்கட்டும். அழுதுவிட்டு வீட்டுக்குப் போக மட்டும் படம் போட்டால் போதாது. சட்டம் ஒன்று சொல்கிறது, சாக்கடைக் குழி வேறு ஒன்று சொல்கிறது. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்கக் கத்துக்கணும்.

ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய்பீம் காம்ரேட்' வந்திருக்கிறது. 1997 ஜூலை 11 அன்று பம்பாய் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதை எதிர்த்துத் திரண்ட மக்கள்மேல் போலீஸ் சுட்டது. பத்துப் பேர் செத்தார்கள். அதைத் தாங்க முடியாமல் பாடகர் விலாஸ் கோக்ரே தூக்குப் போட்டுக்கொண்டார். அங்கிருந்து தொடங்கி 14 வருஷம் எடுத்த படம். மூணு மணி நேரத்துக்கு மேல ஓடும். ரெண்டு ராத்திரியாப் பிரிச்சுப் போடுங்க. மராத்திப் பாட்டு வரும்போது ஒருத்தர் எழுந்து தமிழில் பொருள் சொல்லணும். நம்ம பறைக் குழுத் தோழர்கள் கட்டாயம் பார்க்கணும். பாட்டு ஒரு இயக்கத்தை எப்படித் தூக்கிச் சுமக்கிறது, அதே பாட்டுக்காரர்களைத் தேர்தல் கட்சிகள் எப்படி விலைக்கு வாங்குகின்றன, ரெண்டும் அதில் இருக்கிறது.

'பரியேறும் பெருமாள்' 2018-இல் வந்தது, பசங்களுக்கு மனப்பாடம். அதோட நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படம் 'ஃபன்றி', 2013, அதையும் சேர்த்துப் பாருங்க. பன்றி பிடிக்கிற குடும்பத்துப் பையன் ஜப்யா. குடும்பமே பன்றியை மடக்கி ஓடிக்கிட்டிருக்கும்போது பள்ளிக்கூடத்தில் தேசியகீதம் கேட்கும். பன்றியை விட்டுவிட்டு அத்தனை பேரும் அசையாமல் நிற்பார்கள். வேடிக்கை பார்த்துச் சிரிக்கிற ஊருக்கு நடுவில் அந்த நிமிஷம் எப்படி இருக்கும்! கடைசியில் ஜப்யா ஒரு கல்லை எடுத்து வீசுகிறான். கல் நேரா நம்ம முகத்துக்கு வருது. ஊரான் மேலதான் எறிஞ்சான்னு கைதட்டிட்டுப் போயிடாதீங்க. திரைக்கு முன்னால உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரையும் பார்த்து எறிஞ்ச கல்லு அது. அந்தக் கல்லை ஏத்துக்கிறவங்க, 'மாடத்தி'யைப் பார்க்க ஏன் தயங்கணும்?

ஆகவே நூலகத் தோழர்களுக்கு என் கோரிக்கைகள். கேள்விக்குறியை அழித்துவிட்டு அந்த மூன்றையும் வரிசை எண் போட்டுச் சேருங்கள். சேர்த்த பிறகு விவாதக் கூட்டம் போடுங்கள். பிடிக்காதவர் எழுந்து திட்டட்டும். அதைப் பத்திரிகையில் போடுவோம். படிக்காமலேயே ஒதுக்குகிற பழக்கம் மட்டும் நமக்கு வேண்டாம். பீரோப் பூட்டை எடுத்துவிடுங்கள். பத்துப் புத்தகம் திரும்பி வராமல் போனாலும், பத்து வீட்டில் புத்தகம் இருக்கிறது என்றுதானே அர்த்தம். விளக்கு வச்ச பிறகு பொம்பளப் புள்ளைங்க இங்க வர்றதில்ல. வாசலில் சீட்டாடுகிறவர்கள் இடத்தை மாற்றிக்கொள்ளட்டும். சாயங்காலம் அவங்களுக்குன்னு நேரம் ஒதுக்குங்க, ஒரு பெண் தோழர் பொறுப்பெடுக்கட்டும். 'பழையன கழிதலு'மை முதலில் படிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

கடைசியாக ஒன்று. உறுப்பினர் பட்டியலையும் புரட்டிப் பார்த்தேன். இந்தச் சேரிக்குத் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்து, சாவுக்கும் சடங்குக்கும் வேலை பார்த்த ரெண்டு குடும்பம் கிழக்கே ஓடைக்கரையில் இருக்கிறது. அந்த ரெண்டு வீட்டிலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பட்டியலில் ஒரு பேர்கூட இல்லை. அவங்களா வரலியா, நாம கூப்பிடலியா? எதுவாக இருந்தாலும் வருகிற ஞாயிற்றுக்கிழமை கமிட்டித் தோழர்கள் அந்த வீட்டு வாசலுக்குப் போங்க. உறுப்பினர் அட்டையைக் கையில கொடுங்க. அந்தப் பிள்ளைங்க வந்து பெஞ்சில நம்ம பிள்ளைங்களோட தோள் உரச உட்காரணும். 'கோவேறு கழுதைக'ளை எடுத்துப் படிச்சிட்டு, "எங்க பாட்டிய ஏன் அப்படி நடத்துனீங்க?"ன்னு நம்மளப் பார்த்துக் கேட்கணும். அதுக்குப் பதில் சொல்ல நாம தயாராகணும். வாசலில் எழுதியிருக்கிற அம்பேத்கர் பேருக்கு நாம செய்ய வேண்டிய வேலை அதுதான்.

ஜெய்பீம்.