மூதாட்டி ஒருவர், கல்லாப்பெட்டி இரண்டு!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஒப்பந்தம் என்றால் என்னவென்று வியாபாரிகளாகிய உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சரக்கு என்ன, விலை என்ன, நட்டம் வந்தால் யார் தலையில் விழும்? இந்த மூன்றையும் பேசி முடிக்காமல் நீங்கள் கடை திறப்பீர்களா? மாட்டீர்கள். ஆனால் இங்கிலாந்தில் ஓர் அரசுத் துறை அப்படித்தான் திறந்தது. அந்த வரலாற்றைக் கொஞ்சம் கேளுங்கள்.

1948 ஜூலை 5-ஆம் தேதி அங்கே என்.எச்.எஸ். என்னும் பொது மருத்துவ சேவை தொடங்கியது. சிகிச்சை இலவசம். அதே ஆண்டில் வந்த வேறொரு சட்டம், முதியோர் பராமரிப்பை உள்ளாட்சி கவுன்சில்களிடம் ஒப்படைத்தது. இது இலவசமல்ல, வசதியைப் பார்த்துத்தான் உதவி. 23,250 பவுண்டுக்கு மேல் சொத்துள்ளவர் செலவைத் தாமே ஏற்க வேண்டும் என்ற வரம்பு 2010 முதல் உயர்த்தப்படவே இல்லை.

இடுப்பெலும்பு முறிந்த ஒரு மூதாட்டியை நினைத்துப் பாருங்கள். அறுவை சிகிச்சை என்.எச்.எஸ். கணக்கு. வீடு திரும்பியபின் குளிக்க வைக்க, உடை மாற்றிவிட வரும் ஆள் கவுன்சில் கணக்கு. அந்த ஆள் ஏற்பாடாகும் வரை அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கிடக்கிறார்.

இரண்டு கல்லாவையும் சேர்க்க வழி இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் என்.எச்.எஸ். சட்டத்தில் 75-ஆவது பிரிவு, இரு தரப்பும் பணத்தை ஒரே நிதியில் போட்டுச் செலவிட அனுமதிக்கிறது. 2015-இல் குறைந்தது 380 கோடி பவுண்டுடன் ஒரு கூட்டு நிதியும் தொடங்கியது.

பிறகு ஏன் சிக்கல்? 2012-இல் வந்த சீர்திருத்தச் சட்டம் போட்டியை முன்னே நிறுத்தியது. அந்தச் சூழலில் கேம்பிரிட்ஜ்ஷயர், பீட்டர்பரோ பகுதியில் முதியோர் சேவை முழுவதற்கும் டெண்டர் விட்டார்கள். ஐந்து ஆண்டு, சுமார் 80 கோடி பவுண்டு! இரண்டு என்.எச்.எஸ். அறக்கட்டளைகள் 'யுனைட்டிங்கேர்' என்று ஒரு கூட்டு நிறுவனம் அமைத்து அதை எடுத்தன. 2015 ஏப்ரலில் தொடங்கியது, டிசம்பரில் முடிந்துபோனது. எட்டே மாதம்!

காரணம் என்ன? செலவுக் கணக்கு முழுமையாகத் தெரியுமுன்பே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அறக்கட்டளைகள் திரும்பப் பெறக்கூடிய வாட் வரியை, அவை அமைத்த கூட்டு நிறுவனத்தால் திரும்பப் பெற முடியவில்லை. வரியைக் கணக்கில் சேர்க்காமல் விலை சொன்னால் முதல் எங்கே நிற்கும்? உங்களுக்குத் தெரியாததா!

2022-ஆம் ஆண்டின் சட்டம் பாதையை மாற்றியது. போட்டியைக் கட்டாயமாக்கிய பிரிவு நீக்கப்பட்டது. ஜூலை 1 முதல் 42 ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்கள் வந்தன. 2024 ஜனவரி 1 முதல் புதிய தேர்வு விதிகள்: நன்றாகச் செய்துவரும் சேவையாளருக்கு, உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, டெண்டர் இல்லாமலே மறுபடியும் ஒப்பந்தம் தரலாம்.

நல்லதுதானே என்பீர்கள். ஆனால் கவனியுங்கள்! இந்த விதி மருத்துவ சேவைக்கு மட்டும். தனியே வாங்கும் சமூகப் பராமரிப்புக்கு, 2025 பிப்ரவரி 24-இல் நடைமுறைக்கு வந்த பொதுக் கொள்முதல் சட்டம். இரண்டும் பிரிக்க முடியாமல் கலந்திருந்து, மருத்துவமே முதன்மையாக இருந்தால்தான் முதல் விதி முழுவதற்கும் பொருந்தும். ஒருங்கிணைப்பு என்று பெயர் வைத்தார்கள். விதிப் புத்தகத்தை இரண்டாகவே விட்டுவிட்டார்கள்!

இதற்கு மேல், 2025 மார்ச்சில் வாரியங்கள் தங்கள் நிர்வாகச் செலவைப் பாதியாகக் குறைக்க உத்தரவு வந்தது. அடுத்த மாதமே, முதலாளிகள் செலுத்தும் தேசியக் காப்பீட்டு வீதம் 13.8-லிருந்து 15 சதவீதமாக ஏறியது. என்.எச்.எஸ்.ஸுக்கு ஈடு கிடைத்தது. ஆள் அனுப்பும் தனியார் பராமரிப்பாளருக்கு நேரடி ஈடு இல்லை. கவுன்சில் தரும் விலை கட்டுப்படியாகாவிட்டால் சிறிய நிறுவனம் ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். அப்போது மூதாட்டியின் வீட்டுக் கதவைத் தட்டுவது யார்?

இளைஞர்களே! எந்த நாட்டு அரசாக இருந்தாலும் 'சீர்திருத்தம்' என்று அறிவிக்கும்போது கைதட்டுமுன் கேளுங்கள்: பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது? நட்டம் யாருக்கு? ஒப்பந்தம் முறிந்த மறுநாள் காலையில் நோயாளியைக் கவனிப்பது யார்? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் இல்லாத ஒப்பந்தம், கையெழுத்து இருந்தாலும் வெறும் காகிதமே!